கழுவிய குடல்

அறுவடை முடிந்து காட்டு எலிகள் கொழுத்திருக்கும் மாதத்தில் அந்தப் பெண் ஆற்றைக் கடந்து ஊருக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை மரத்தடியில் இழுத்துப் போட்டு, வெள்ளைத் தட்டுகளையும் கத்தரிகளையும் ஒரு உருப்பெருக்கியையும் அவற்றின்மேல் பரப்பினாள். அவள் பெயர் விலய்வன். மலைக்காட்டு எலிகளின் குடலில் என்னென்ன புழுக்கள் குடியிருக்கின்றன என்று பார்ப்பது அவளுடைய வேலை. எலியைக் கொண்டுவந்தால் குடலை மட்டும் எடுத்துக்கொண்டு இறைச்சியைத் திருப்பித் தந்துவிடுவாள். வந்த மறுநாளே ஊர் அவளுக்கு எலி டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

"மனுஷனுக்கு வர்ற டாக்டர் ஆத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பிடறான். எலிக்கு மட்டும் தலைநகரம் வியன்டியான்லேர்ந்து ஆள் வருது பாரு," என்றான் கூட்டத்தில் நின்ற சோம்டி. "ஆளுக்கொரு வாலை ஒட்ட வச்சுக்கிட்டு வரிசையில நிப்போம். நம்ம வயித்தையும் பார்த்துடுவாங்க."

"உனக்கு வால் வேற தனியா வேணுமாக்கும்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தாள். லுவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காதது யாருக்கும் வித்தியாசமாகப் படவுமில்லை. முன்பே அதிகம் பேசாதவன். மழைக்காலத்தில் மகன் போனபிறகு, வாய் திறந்து பேசுவதற்கே யாராவது ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டியிருந்தது.

மலைவயலின் விளிம்பில் மூங்கில் பொறிகளை வரிசையாக வைத்திருந்தான் லுவன். அந்த வருஷம் எலிக்குக் குறைவில்லை. முதுகு பழுப்பும் வயிறு வெள்ளையுமாக, நெல் தின்று பருத்தவை. ஒரு கொத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். டாக்டரம்மா ஒன்றை மல்லாத்தி, கத்தரியால் வயிற்றைத் திறந்து, குடலை முழுசாக உருவி உப்புத் தண்ணீரில் போட்டாள். பிறகு அதன் நீளத்துக்கும் கிழித்து விரித்தாள். தண்ணீர் கலங்கி, மெல்லத் தெளிந்தது. தெளிந்தபோது தட்டின் அடியில் ஏதோ அசைந்தது.

"பார்க்கிறீங்களா?" என்று கேட்டு உருப்பெருக்கியை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தான். முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு நாடாபோல் தட்டையாக, கணுக்கணுவாக ஒன்று நீண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் நூலைவிட மெல்லிய சில, சிவந்து சுருண்டு, சுருள் அவிழ்ந்து மறுபடி சுருண்டன. இன்னொன்றின் தலை முழுக்க முள். அந்த முள்தலையை அது உள்ளே இழுத்துக்கொண்டது, வெளியே நீட்டியது. எதையோ தேடுவதுபோல இருந்தது.

லுவன் கண்ணை எடுத்தபிறகும் அவை அசைந்துகொண்டே இருந்தன. அவனுக்குத் தெரிந்தது தட்டு அல்ல. மகன் தியமின் வாய். வயிறு கல்லாகி, குடித்த தண்ணீரையும் பச்சையாக வாந்தி எடுத்து, கடைசியில் ஆற்றங்கரையில் அவன் மடியில் கிடந்தபோது அந்த வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று வந்தது. ஆற்றில் வெள்ளம். படகுக்காரன் முடியாது என்று கையை விரித்துவிட்டான். அக்கரையில் மருத்துவமனைக் கூரை தெரிந்தது.

கூட்டம் கலைந்தபிறகும் லுவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா தட்டுகளைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் அவனைப் போகச் சொல்லவில்லை.

"இதெல்லாம் மனுஷன் வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?" என்று கடைசியில் கேட்டான்.

"பெரும்பாலானது எலியோடதான். மனுஷன் உடம்பு அதுங்களுக்கு ஒத்துக்காது. அந்த நாடா மாதிரிப் புழு மட்டும் சில சமயம் குழந்தைங்களுக்கு வரும். அதுவும் நேரா வராது, வண்டு பூச்சி வழியாத்தான். எலிக் குடல்ல செரிக்காத வண்டு இருந்து அதைத் தின்னா, வரலாம். வலிக்கும், பேதியாகும். பெரும்பாலும் உயிரை எடுக்காது."

"என் பையன் வாயில புழு வந்துச்சு."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எப்படி இருந்துச்சு? தட்டையாவா, உருண்டையாவா?"

"உருண்டை. வெள்ளை. இந்த அளவு." விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினான்.

"அப்படின்னா அது எலியோடது இல்லண்ணே. அது மனுஷப் புழு. மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்கு வர்றது. முட்டை மண்ணுல கிடக்கும். குழந்தை மண்ணுல விளையாடிட்டு வாயில கை வைக்கும், அவ்வளவுதான். நிறைய சேர்ந்துட்டா குடலையே அடைச்சிடும்."

"எலிக் குடல் தின்னதால இல்லையா?"

"நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா இல்ல." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "எதுக்கும் கொதிக்க வச்சே சாப்பிடுங்க. கொதிச்சுட்டா எந்தப் புழுவும் பிழைக்காது."

அவள் சொன்னது எல்லாமே அவன் காதில் விழுந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவனோடு கூட வந்தது கடைசி வாக்கியம் ஒன்றுதான். மண், முட்டை, விளையாட்டு எல்லாம் சொல்லாகவே நின்றுவிட்டன. முள்தலையை மட்டும் அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

அவன் மனைவி புவா, மகள் சுக்கைக் கூட்டிக்கொண்டு மேல்மலையில் அப்பா வீட்டுக்குப் போனவள். தியமைப் புதைத்த கையோடு போனாள். சண்டை எதுவும் இல்லை. துக்கம் ஆறட்டும் என்று போனவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை, அவளும் வரவில்லை. அறுவடை முடிந்ததும் மாமனார் தா போன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: 'கசப்பு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. ஒரே அடுப்படியில உக்காந்து தின்போம். அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போகட்டும்.'

பெண் எடுத்தவன் பெண் கொடுத்தவர் வீட்டுக்கு வருஷா வருஷம் செய்ய வேண்டிய மரியாதை அது. எலி இறைச்சியைப் புகையில் வாட்டிக் கூடையில் வைக்க வேண்டும். குடலைத் தன் கையாலேயே நறுக்கி, மிளகாயும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்து, மூங்கில் குழாயில் அடைத்துக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பெயரே கசப்பு. குடலைக் கழுவக் கூடாது. எலி தின்ற காடு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பார்கள். மாமனார் வீட்டு அடுப்பில் குழாயைச் சாய்த்து வைத்து, சூடு ஏறியதும் எடுத்துவிடுவார்கள். கொதி வந்தால் கசப்பு செத்துவிடும். தாத்தா ருசி பார்த்தபின், முதல் வாயை மகள் வயிற்று மூத்த பிள்ளையின் நாக்கில் தன் விரலால் தடவுவார். அது அவருடைய உரிமை. போன அறுவடையில் தியம் நாக்கில் அப்படித்தான் தடவினார். பிள்ளை முகத்தைச் சுளித்தது, எல்லோரும் சிரித்தார்கள். தியமின் வாயைத் திறந்து பிடித்தது லுவன்.

இந்த முறை அந்த விரல் சுக்கின் நாக்குக்கு வரும்.

கசப்பு இல்லாமல் வெறும் இறைச்சியோடு போனால் உறவு வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். போகாமலே இருந்தால் புவா அங்கேயே இருந்துவிடுவாள். லுவன் நாள் முழுவதும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய்ப் பொறிகளில் விழுந்திருந்த எலிகளை எடுத்துவந்தான். அவற்றை டாக்டரம்மாவிடம் கொண்டுபோகவில்லை. தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, இறைச்சியைப் பரணில் கட்டினான். குடலை ஓடைக்கு எடுத்துப்போய்க் கீறி, உள்ளே இருந்ததெல்லாம் போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசினான். சட்டியில் போட்டு, தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக் கொதிக்கவைத்தான். குடல் வெளுத்து, ரப்பர்போலச் சுருங்கியது. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தான். ஒரு சுவையும் இல்லை.

காட்டில் ஒரு கசப்புக்கொடி உண்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள். அதை நசுக்கிப் பிழிந்து சேர்த்தான். மறுபடி சுவைத்தான். கசந்தது. குழாயில் அடைத்து வாழையிலையால் வாயை மூடினான். யாரையும் ஏமாற்றுவதாக அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு குழந்தையின் வாயிலிருந்து ஒரு விரலைத் தள்ளிப் பிடிப்பதாகத்தான் நினைத்தான்.

மேல்மலை ஊருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மரக்கால்களில் நின்ற மாமனார் வீட்டு ஏணிக்குக் கீழே மைத்துனன் கம்பேன் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"வாங்க மச்சான்! கூடையைக் காட்டுங்க. எலியைக் கொண்டு வந்தீங்களா, இல்ல அதோட குட்டிங்களைக் கொண்டு வந்தீங்களா?"

"தூக்கிப் பாரு."

கம்பேன் தூக்கிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். "ஆத்தாடி! எங்க அக்கா அருமை இப்பத்தான் தெரியுது போல. ஏறுங்க ஏறுங்க. அப்பா காலையிலேர்ந்து குளிச்சுட்டு உக்காந்திருக்கார்."

உள்ளே தா போன் அடுப்பருகே இருந்தார். துவைத்த சட்டை. லுவனைப் பார்த்ததும் கன்னத்தில் ஏதோ அசைந்தது. அவர் இளைத்திருந்தார். மழைக்காலத்தில் இளைத்தவர்கள் அந்த வீட்டில் எல்லோரும்தான். புவா மூலையில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை மூடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து, "நடந்தா வந்த?" என்று கேட்டாள். வேறு எப்படி வர முடியும். ஆனாலும் அவள் கேட்டது அவனுக்கு இதமாக இருந்தது. சுக் ஓடிவந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சாராய ஜாடியைத் திறந்து மூங்கில் உறிஞ்சுகுழல்களை நட்டார்கள். மாமனார் முதலில் குடித்தார், லுவன் அடுத்து. கம்பேன் கசப்புக் குழாயை அடுப்பில் சாய்த்து வைத்தான். வாழையிலை கருகும் வாசனை வந்ததும் தா போன் கையை நீட்டினார். குழாயைப் பிளந்து, தட்டில் கொட்டி, சோற்று உருண்டையில் கொஞ்சம் தொட்டு வாயில் போட்டார்.

மென்றார். மெல்வதை நிறுத்தினார். மறுபடி கொஞ்சம் மென்று விழுங்கினார்.

"இது கொடியோட கசப்பு," என்றார்.

தட்டில் கிடந்ததை விரலால் கிளறிப் பார்த்தார்.

"குடலைக் கழுவியிருக்கே. கொதிக்க வேற வச்சிருக்கே."

"ஆமா மாமா."

"ஏன்?"

லுவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எலி டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லலாம், தட்டையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த இடைவெளியில் கம்பேன் அவசரப்பட்டுவிட்டான்.

"என்ன மச்சான், எங்க வீட்டு அடுப்பு என்ன அவ்வளவு அசிங்கமா? கழுவிக் குடுத்தாத்தான் தின்போமா?"

"நீ சும்மா இரு," என்றார் தா போன். அவர் லுவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பிள்ளை வாயில புழு வந்துச்சுன்னு சொன்னாங்க. அன்னையிலேர்ந்து நானும் யோசிக்கிறேன். என் விரல்தானேன்னு யோசிக்கிறேன். நீ வாய் விட்டுச் சொல்லலையேன்னு இருந்தேன். இன்னைக்குச் சமைச்சுக் கொண்டுவந்து சொல்லிட்டே."

"நான் அப்படி..."

"அப்படி இல்லைன்னா கழுவியிருக்க மாட்டே."

அப்போது லுவன் சொல்லியிருக்கலாம். மனுஷப் புழு, மண்ணிலிருந்து வந்தது, உங்கள் விரலில் இல்லை, டாக்டரம்மாவே சொன்னாள் என்று. அந்த வார்த்தைகள் அவனிடம் வரிசையாக இருந்தன. ஆனால் சொன்னால் அடுத்த நிமிஷம் சுக்கைக் கூப்பிடுவார்கள். அதுமட்டுமில்லை. அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. நம்பாத ஒன்றை இந்த வீட்டு அடுப்பின் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரம் நீண்டு, பதிலாகவே ஆகிவிட்டது.

தா போன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். கோபமாக அல்ல. சாப்பிட்டு முடித்தவர் நகர்த்துவதுபோல நகர்த்தினார்.

"உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ. வாக்குக் குடுத்தேன், குடுத்ததுதான். பேத்தியையும் கூட்டிட்டுப் போ. உன் கையால இனிமே இந்த வீட்டுக்கு எலி வர வேண்டாம். இந்த ஏணியில நீ ஏறவும் வேண்டாம். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அவளும் ஏற வேண்டாம்."

"அப்பா..." என்றாள் புவா.

"துணிமணியை எடு."

அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

ஏணியிறங்கும்போது கம்பேன் எங்கோ போயிருந்தான். பக்கத்து வீடுகளிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். புவா மூட்டையை முதுகில் கட்டி முன்னால் நடந்தாள். லுவன் சுக்கைத் தோளில் உட்கார வைத்திருந்தான். ஊர் வேலியைத் தாண்டி, சரிவில் ஓடைச் சத்தம் கேட்கும் இடம்வரை அவள் நடையைக் குறைக்கவில்லை. அவன் விரும்பியது அவன் தோளிலும் முன்னாலும் வந்துகொண்டிருந்தது, மகளும் மனைவியும். ஆனாலும் எதையோ திருடிக்கொண்டு போகிறவன் போலத்தான் நடந்தான்.

"நீயும் அப்படித்தான் நினைச்சியா?" என்று புவா திரும்பாமலே கேட்டாள். "அப்பா விரல்தான்னு?"

"தெரியல."

"தெரியாமலா கழுவினே?"

அவன் சுக்கைக் கீழே இறக்கிவிட்டான். உருப்பெருக்கியில் பார்த்ததைச் சொன்னான். முள்தலையைச் சொன்னான். சொல்லச் சொல்ல மீதியும் வந்துவிட்டது. டாக்டரம்மா கேட்டது, அவன் சாண் காட்டியது, அவள் சொன்னது.

புவா திரும்பி நின்றாள். "மறுபடி சொல்லு."

"மனுஷப் புழுன்னாங்க. எலியோடது இல்லைன்னாங்க. மண்ணுலேர்ந்து வர்றதாம்."

"குடலால இல்லைன்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"அதை ஏன் அங்க சொல்லல?"

அவன் சுக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கே நம்பிக்கை வரவில்லை என்று சொல்ல வேண்டும். சுக்குக்காகத்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டும் உண்மை. இரண்டையும் அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்கப்பா மழைக்காலத்துலேர்ந்து ஒழுங்காச் சோறு தின்னல," என்றாள் புவா. "கையை மண்ணு போட்டுத் தேய்ச்சு தேய்ச்சுக் கழுவுவாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை. உனக்குத்தான் வார்த்தைன்னா உயிர் போயிடுமே."

"இப்ப போய்ச் சொல்லுவோம். வா."

"நீ ஏறினா அவர் கேக்க மாட்டாரு. உன்கூட நான் ஏறினாலும் கேக்க மாட்டாரு." மூட்டையை முதுகில் சரிசெய்தாள். "தனியா ஏறணும். பொண்ணா ஏறணும்."

அதற்கு அர்த்தம் என்ன என்று இருவருக்கும் தெரியும். அப்பா அனுப்பி வைத்த பெண் அன்றைக்கே கணவனை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி அந்த ஏணியில் ஏறினால், அவள் மறுபடி அந்த வீட்டுப் பெண். அப்புறம் அவளை அனுப்பி வைக்கக் கசப்பு கொண்டுவந்து கூப்பிட ஒருவன் வேண்டும். அடுப்பின் முன் சொன்ன சொல்லைத் தா போன் மாற்ற மாட்டார், லுவன் கையால் இனி அந்த வீட்டுக்கு எதுவும் போகாது.

"புவா."

"சுக்கை நீ கூட்டிட்டுப் போ. அங்க வச்சா அவர் பார்த்துப் பார்த்து அழுவாரு."

"நாளைக்கு யாரையாவது விட்டுச் சொல்லலாம். சோம்டி போவான். டாக்டரம்மாவையே கூட்டிட்டு வரலாம்."

"நாளைக்கு வரைக்கும் அவர் அந்த விரலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?"

அவள் சுக்கின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். அவனைத் தொடவில்லை. ஆனால் போவதற்குமுன் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவன் ஏதாவது சொல்வானா என்று. அவன் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. அவள் திரும்பிச் சரிவில் ஏறினாள். மூட்டை இடதும் வலதுமாக ஆடியது. வேலியின் படலைத் திறந்தாள், மூடினாள்.

"அம்மா எங்க போறா?" என்று சுக் கேட்டாள்.

"தாத்தாகிட்ட ஒண்ணு சொல்ல."

"சொல்லிட்டு வருவாளா?"

அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டான். மேலே ஊரில் ஒரு நாய் குரைத்து நின்றது. யாரோ நெல் குத்தும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வெகுநேரம் எதுவும் இல்லை. வெளிச்சம் மலை முதுகில் மட்டும் மிச்சமிருந்தபோது அந்த வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் அது எந்த மிருகம் என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தா போன் அழுதுகொண்டிருந்தார். பிள்ளையைப் புதைத்த அன்று கூட அவர் அழுது லுவன் பார்த்ததில்லை. அடைத்து வைத்திருந்த ஏதோ உடைந்து, தடுக்க ஆளில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

ஆக, அவள் சொல்லிவிட்டாள். அவர் நம்பிவிட்டார்.

லுவன் அந்த அழுகையைக் கடைசிவரை கேட்க நினைத்தான். ஆனால் அது நிற்கவில்லை. சுக் பசிக்கிறது என்றாள். அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஓடையைக் கடந்து, கீழே போகும் பாதையில் இறங்கினான்.